முரளிக்கு: பிரைமரி ஓட்டு விஷயமாக

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாலதியின் முழங்கால் இப்போது தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பாலு வழக்கம்போல் போனை எடுப்பதில்லை. எடுத்தால் அந்த வெங்கட்ராமன் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுகிறான்.

உன் கடிதத்தில், பிரைமரியில் (கட்சியின் வேட்பாளரை ஓட்டர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலில்) நிற்கிற பெண் வேட்பாளரைப் பற்றிய ஒரு இடம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. "எனக்குப் பிடிச்சது அந்தம்மாதான். ஆனா ஒரு பொம்பளைக்கு இந்த ஊர்க்காரன் ஓட்டுப் போட மாட்டான்டா. ஜெயிக்கிற ஆளாப் பார்த்துத்தான் போடணும்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம். காவ்யா உன்னோடு சண்டை போட்டதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அவள் சொல்வதும் முழுசாகச் சரியில்லை. "மனசுக்குப் பிடிச்சவங்களுக்குப் போடு, மத்ததை யோசிக்காதே" என்பது பென்சில்வேனியா மாதிரி இடத்தில் எல்லா வருஷமும் செல்லாது. உங்கள் இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அவளிடமும் படிக்கக் கொடு.

நம்ம ஊரில் இந்தக் கணக்கை நீயும் நானும் போட்டதே கிடையாது. விருப்ப மனு, நேர்காணல், தொகுதியில் எந்தச் சாதி எத்தனை ஓட்டு என்பதெல்லாம் கட்சித் தலைமையின் வேலை. சீட்டு யாருக்கு என்று அவர்கள் முடிவு பண்ணிவிடுவார்கள். நமக்கு மிச்சம் சின்னம்தான். இங்கே அமெரிக்காவில் பிரைமரி வைத்து, அந்தத் தலைமையின் நாற்காலியில் உன்னை உட்காரவைத்துவிட்டார்கள். "யாரைப் பிடிக்கும்", "யாரை நிறுத்தினால் ஜெயிக்கலாம்" என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே ஓட்டில் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. அதனால் குழப்பம் நியாயமானதுதான். குழப்பத்தை அப்படியே விட்டுவிட்டு ஊர்வாயை நம்புவதுதான் நியாயமில்லை.

முதலில் எந்தப் பதவி என்று பார். பிட்ஸ்பர்க் நகரம் அடங்கிய 12வது காங்கிரஸ் (நாடாளுமன்ற) தொகுதி ஜனநாயகக் கட்சிக்கு உறுதியான இடம். அங்கே பிரைமரிதான் நிஜத் தேர்தல். நவம்பர் பொதுத் தேர்தலில் இரண்டு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறாது. அதில் போய் "யார் ஜெயிப்பார்" என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே, பிடித்தவருக்குப் போடு. மாநிலம் முழுவதற்குமான செனட், கவர்னர், ஜனாதிபதி என்றால்தான் கணக்கே வேண்டும். 2016-இல் பென்சில்வேனியாவில் வித்தியாசம் 44,292 ஓட்டு. 2020-இல் விஸ்கான்சினில் 20,682, அரிசோனாவில் 10,457. இப்படிப்பட்ட இடங்களில் அரைப் புள்ளிக்கும் விலை உண்டு.

அடுத்தது கணக்கு. காகிதம் எடுத்துக்கொள். எதிர்க்கட்சி ஆள் வந்தால் உனக்கு 0 மதிப்பெண் என்று வை. உனக்கு மிகவும் பிடித்தவர் வந்தால் 10. "ஜெயிக்கிற ஆள்" என்று நீ சொல்கிறவர் வந்தால் எவ்வளவு? 7 என்றால், அவருக்கு நவம்பரில் ஐம்பது சதவீத வாய்ப்பு இருக்கும்போது, உன் ஆளுக்கு 35 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றிப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. பாதிக்குப் பாதி 7-ஐப் பெருக்கினால் 3.5; 10-ஐ 35 சதவீதத்தால் பெருக்கினாலும் 3.5. அதாவது ஜெயிக்கும் வாய்ப்பில் பதினைந்து புள்ளி பின்தங்கியிருக்கவேண்டும். அது சின்ன வித்தியாசமில்லை, நிரூபணம் வேண்டும். அதுவே இருவரும் உனக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒருவர் 10, மற்றவர் 9.5 என்றால் 47.5-க்குக் கீழே போனாலே மாற்றலாம். எதிராளியைப் பார்த்து உனக்குப் பயம் அதிகமாக அதிகமாக, உன் கட்சிக்குள் இருக்கிற வேறுபாடெல்லாம் சுருங்கி இந்த இரண்டாவது கணக்குக்கு வந்துவிடும். 2020-இல் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு நடந்தது அதுதான். கொள்கை ஒத்துப்போகிறவரைவிட டிரம்பை வீழ்த்தக்கூடியவரே வேண்டும் என்று மாநிலம் மாநிலமாகப் பெரும்பான்மையோர் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த 50, 35 என்ற எண்கள் எங்கிருந்து வரும்? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

நீ எனக்கு அனுப்பியிருந்த கருத்துக்கணிப்பைப் பார்த்தேன். 600 பேரைக் கேட்டது. அவ்வளவு பேர் என்றால் ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கே முன்பின் 4 புள்ளி பிழை உண்டு. இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு அது ஏறக்குறைய இரு மடங்காகும். ஒருவர் எதிராளியைவிட 4 முன்னே, மற்றவர் 1 முன்னே என்பதை வைத்து நீ முடிவே பண்ணக்கூடாது. அதே அட்டவணையில் கீழே "இவரைக் கேள்விப்பட்டதில்லை" என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் பார். பெயரே தெரியாத ஆளுக்கு இன்றைக்குக் குறைவாக வருவது பெயர் தெரியாததால், பிடிக்காததால் அல்ல. பிரசாரம் முடிவதற்குள் அது மாறிவிடும். சீக்கிரம் எடுத்த கணிப்புக்கு என்ன கதி என்பதற்கு 1988 போதும். ஜனநாயகக் கட்சியின் ஜூலை மாநாடு முடிந்த கையோடு காலப் நிறுவனத்தின் கணிப்பில் அதன் வேட்பாளர் டுகாகிஸ் 55, எதிரே நின்ற புஷ் 38. நவம்பரில் புஷ் 40 மாநிலம் ஜெயித்தார்.

கணிப்பைவிட நம்பகமானது, அந்த ஆள் ஏற்கெனவே வாங்கிய ஓட்டு. கவுண்டி (மாவட்டம் மாதிரி) வாரியான முடிவு மாநிலத் தேர்தல் துறை இணையதளத்தில் கிடைக்கும். அவர் நின்ற அதே நாளில் அதே கட்சியின் வேறு வேட்பாளர் அதே கவுண்டியில் எவ்வளவு வாங்கினார் என்று பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார். ஜார்ஜியாவில் 2022 நவம்பரில் ஒரே ஓட்டுச் சீட்டில், ஒரே கட்சியில் (குடியரசுக் கட்சி) கவர்னருக்கு கெம்ப், செனட்டுக்கு ஹெர்ஷெல் வாக்கர். கெம்ப் வாங்கியதைவிட வாக்கர் வாங்கியது சுமார் 2 லட்சம் குறைவு. கெம்ப் ஜெயித்தார், வாக்கர் டிசம்பர் மறுதேர்தலில் தோற்றார். வேட்பாளரின் தரம் என்றால் என்ன என்று இதைவிடச் சுத்தமாக யாரும் காட்ட முடியாது. வேறு வேறு வருஷத்தை ஒப்பிட்டால் ஏமாறுவாய். 2018 ஜனநாயகக் கட்சிக்கு அலை வருஷம், அதில் 60 சதவீதம் வாங்கியவரெல்லாம் சூரர் இல்லை. எதிரே நின்றவர் யார், ஏற்கெனவே பதவியில் இருந்தாரா என்பதையும் சேர்த்துப் பார்.

காவ்யாவுக்கு ஒரு வார்த்தை. ஜெயிக்கக்கூடியவர், ஜெயிக்க முடியாதவர் என்ற வித்தியாசம் கற்பனை இல்லை. உங்களுக்கு அடுத்த மாநிலம் டெலவேரையே எடுத்துக்கொள். 2010-இல் அங்கே குடியரசுக் கட்சி செனட் பிரைமரியில் மைக் காசில் நின்றார். கவர்னராக இருந்தவர், மாநிலம் முழுக்க எத்தனையோ முறை ஜெயித்தவர். கட்சிக்காரர்கள் அவரை ஒதுக்கிவிட்டு கிறிஸ்டின் ஓ'டானலைத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பரில் அவர் பதினாறு புள்ளிக்கு மேல் தோற்றார். கைக்கு வரவிருந்த செனட் இடம் போயிற்று. 1980 முதல் 2010 வரையான காங்கிரஸ் தேர்தல்களை ஆண்ட்ரூ ஹால் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளர் கணக்கெடுத்திருக்கிறார். பிரைமரியில் மயிரிழையில் தீவிர வேட்பாளர் ஜெயித்தால், பொதுத் தேர்தலில் அந்தக் கட்சியின் ஓட்டு 9 முதல் 13 புள்ளி விழுகிறது. காரணம் நடுவில் நிற்பவர்கள் ஓடிப்போவது மட்டுமில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் பயந்துபோய்க் கூட்டமாக வந்து ஓட்டுப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மாநிலத்திலேயே 2022-இல் ஜனநாயகக் கட்சியின் கவர்னர் வேட்பாளர் ஷபிரோவின் பிரசாரக் குழு காசு செலவழித்து, எதிர்க்கட்சி பிரைமரியில் நின்ற மாஸ்ட்ரியானோவை டிரம்பின் ஆள் என்று விளம்பரம் போட்டது. அவர்தான் எதிரே வரவேண்டும் என்று ஷபிரோ தரப்பு விரும்பியது. வந்தார், பதினைந்து புள்ளியில் தோற்றார். எதிராளி யார் வரவேண்டுமென்று ஆசைப்படுகிறான் என்பதும் ஒரு சாட்சிதான்.

ஆனால் அதே 2022 மே 17-இல், அதே பென்சில்வேனியாவில் இன்னொரு கதையும் நடந்தது. ஜனநாயகக் கட்சியின் செனட் பிரைமரியில் கானர் லாம்ப், ஜான் ஃபெட்டர்மேன். "ஜெயிக்கிற ஆள்" என்பதற்கு லாம்ப் அச்சு வார்த்தது மாதிரி இருந்தார். மரைன் படையில் இருந்தவர், அரசு வழக்கறிஞர், டிரம்ப் சுமார் 20 புள்ளியில் ஜெயித்த தொகுதியை 2018 இடைத்தேர்தலில் பிடித்தவர். ஃபெட்டர்மேன் அரைக்கால் சட்டையும் தொப்பி வைத்த பனியனுமாக அலைகிறவர், அதுவும் இடதுசாரி. பிரைமரி ஓட்டர்கள் 67 கவுண்டியிலும் ஃபெட்டர்மேனை ஜெயிக்கவைத்தார்கள். பிரைமரிக்குச் சில நாள் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்ததை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்படியும் நவம்பரில் ஐந்து புள்ளியில் ஜெயித்தார். தோற்றத்தை வைத்து எடைபோட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீயே யோசி.

இனி உன் விஷயம். 2024-இல் கமலா ஹாரிஸ் தோற்றதைத்தான் நீ மனசில் வைத்திருக்கிறாய், தெரியும். துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜை போட்டதை டிவியில் பார்த்து நாம் எல்லோரும் நெகிழ்ந்தோம், பிறகு தோல்வியும் அதே அளவு வலித்தது. "பொம்பளைன்னுதான் தோத்தாங்க" என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டாய். அன்றைய ஓட்டுச் சீட்டை எடுத்துப் பார். அவர் தோற்ற மிச்சிகனில் அதே நாளில் எலிசா ஸ்லாட்கின் செனட்டுக்கு ஜெயித்தார். அவர் தோற்ற விஸ்கான்சினில் டாமி பால்ட்வின் ஜெயித்தார். அவர் தோற்ற நெவாடாவில் ஜாக்கி ரோசன் ஜெயித்தார். மூவரும் பெண்கள். உங்கள் பென்சில்வேனியாவில் பாப் கேசி, ஆண், வெள்ளைக்காரர், அப்பா பழைய கவர்னர், 2007 முதல் செனட்டர், அவரும் தோற்றார். கேசிக்கு ஹாரிஸைவிட நிலைமை கொஞ்சம் பரவாயில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 18 வருஷம் பதவியில் இருந்தவரின் பெயரும் முகமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஹாரிஸுக்குப் பிரசாரத்துக்குக் கிடைத்ததோ பைடன் விலகிய ஜூலை 21-க்குப் பிறகான சில மாதங்கள்.

முரளி, இந்த பிரைமரியில் நிற்கிற அந்தம்மாவை நீ வெறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வெறுப்பான் என்று நீ ஊகிக்கிறாய். அவனும் உன்னைப் பற்றி அப்படியே ஊகிக்கிறான். இரண்டு பேருமே தங்களுக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத ஒருவருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். வெறுப்பே இல்லாத இடத்திலும் வெறுப்பு ஜெயித்துவிடுகிறது. இது எனக்கு நிஜமாகவே கவலையாக இருக்கிறது. நாளைக்கு காவ்யாவோ அவள் வயசு நம்ம பிள்ளைகளோ நின்றால் இதே வாக்கியத்தைத்தான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள்: "எனக்கு ஒண்ணும் இல்லை, மத்தவங்க ஏத்துக்க மாட்டாங்க."

2008-இல் தென் கரோலினாவில் கறுப்பின மக்களில் பலர் முதலில் ஹிலாரி பக்கம்தான் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஒபாமாவுக்குப் போடுவார்களா என்ற சந்தேகம். ஜனவரி 3-ஆம் தேதி, ஏறக்குறைய முழுக்க வெள்ளைக்காரர்களே இருக்கிற அயோவாவில் அவர் ஜெயித்தார். ஜனவரி 26-ஆம் தேதி தென் கரோலினாவில் அவருக்கு 55 சதவீதம். மக்கள் ஊகத்தை விட்டு, நடந்த ஓட்டைப் பார்த்து மாறினார்கள். நீ மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, எண்களைப் பார்த்துச் செய். வேறு எதைப் பார்த்தும் வேண்டாம்.

ஜனாதிபதி பிரைமரிக்கென்று இரண்டு விஷயம் தனி. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் எட்டாதவருக்குப் பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) கிடைக்க மாட்டார்கள். மாநில அளவிலும் தொகுதி அளவிலும் அதே வரம்புதான். ஆகவே 6 சதவீதத்தில் நிற்பவர் உனக்கு எவ்வளவு பிடித்தாலும், களத்தில் நிற்கிறவர்களில் யார் பரவாயில்லை என்று பார்ப்பதே புத்தி. இன்னொன்று, தபால் ஓட்டை அவசரப்பட்டு அனுப்பாதே. 2020-இல் ஜனநாயகக் கட்சிக் களத்தில் நின்ற பூட்டிஜெஜ் மார்ச் 1, க்ளோபுஷார் மார்ச் 2 விலகினார்கள். மார்ச் 3, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாய். அதற்கு முன்பே அவர்களுக்குத் தபாலில் போட்டவர்களின் ஓட்டு விலகியவர் கணக்கிலேயே நின்றது. உங்கள் மாநிலத்தில் ஜனாதிபதி வருஷம் பிரைமரி ஏப்ரல் கடைசியில்தான், அதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள். கடைசி வாரம்வரை பொறு, பிறகு தபாலை நம்பாமல் கவுண்டி அலுவலகத்திலேயே கொண்டுபோய்க் கொடு. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அவர்கள் கையில் இருக்கவேண்டும், தபால் முத்திரைத் தேதி செல்லாது. ஓட்டுச் சீட்டை முதலில் ரகசிய உறைக்குள் போட்டு, அதை வெளி உறைக்குள் வை. உள் உறை இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்கள். வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் போடு.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று. குடியுரிமை வந்தபோது பதிவுப் படிவத்தில் கட்சி என்ற இடத்தில் என்ன குறித்தாய்? "எதற்கு வம்பு" என்று கட்சி சாராதவர் என்று குறித்தவர்கள் நம்மில் நிறைய. பென்சில்வேனியா பிரைமரி மூடியது. கட்சியில் பதிவு இல்லாதவர் வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட முடியாது. தேர்தலுக்கு 15 நாள் முன்புவரை மாற்றிக்கொள்ளலாம். இணையத்திலேயே பார்க்கலாம், மாற்றலாம். இன்றைக்கே பார். காவ்யாவின் பதிவையும் பார்க்கச் சொல், கல்லூரி விலாசத்தில் இருக்கிறதா வீட்டு விலாசத்தில் இருக்கிறதா என்று.

அந்தம்மா இதற்கு முன் நின்ற தேர்தலின் கவுண்டி எண்களை காவ்யாவை எடுக்கச் சொல்லு, நீ கழித்துப் பார்த்து எனக்கு எழுது. பிட்ஸ்பர்க் இருக்கிற அலகெனி கவுண்டியைவிட ஈரி, நார்த்தாம்ப்டன் கவுண்டி இரண்டையும் முதலில் பாருங்கள். மாநிலம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த இரண்டும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாயும்.

அன்புடன்,
சேகர்