மாமாவின் வருத்தம் பற்றி மகளுக்கு

மட்டக்களப்பு

அன்பு மகள்,

மாமாவின் ஈமோபீலியா, அந்த இரத்தம் சரியாக உறையாத வருத்தம், உன் பிள்ளைக்கும் வருமா என்று கேட்டிருந்தாய். "அது அந்தக் குடியில ஓடுற வருத்தம்" என்பார்கள் ஊரில். அது பாதிதான் சரி. குடி என்ற தாய்வழிக் குலம் தாயிடமிருந்து மட்டுமே வரும். இந்த வருத்தம் இருக்கும் எக்ஸ் நிறமூர்த்தமோ (குரோமோசோம்) தகப்பனிடமிருந்து மகளுக்கும் போகும். மாமாவின் ஆண்பிள்ளைகளுக்கு அவர் கொடுப்பது வை நிறமூர்த்தம். அதனால் அவரிடமிருந்து அவர்களுக்கு இது வராது. பெண்பிள்ளைகள் எல்லாரும் காவிகள், அதாவது பிழையைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்கள், மாமியின் குடியாக இருந்தாலும். தம்பிக்கு மச்சாளைப் பேச வருகிறவர்கள் "வேற குடிதானே" என்று சமாதானம் சொல்ல வேண்டாம். தம்பி சுகதேகியாக இருந்தாலும், அவள் பெறும் ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி.

இனி உன் கணக்கு. அம்மம்மாவின் அண்ணனுக்கும் மகனான மாமாவுக்கும் இருந்தபடியால் அம்மம்மா காவி என்பது உறுதி. நானும் காவியாக இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. உன் அண்ணனும் தம்பியும் சுகமாக இருப்பதால் அது ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. உனக்குப் பத்தில் ஒன்று, உன் ஆண்பிள்ளைக்கு வருத்தம் வர இருபதில் ஒன்று. குறைவுதான், ஆனாலும் சோதித்துப் பார்.

இரத்தம் உறைய உதவும் ஃபக்டர் எட்டின் அளவை மட்டும் பார்த்து "நோர்மல்" என்றால் நம்பாதே. காவிகளிலும் அது சரியாக இருக்கலாம். கர்ப்பத்தில் தானாகவே ஏறும். பரம்பரையலகு (ஜீன்) சோதனைதான் வேண்டும். அதற்கும் முதலில் மாமாவின் இரத்தத்தில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஃபக்டர் எட்டு குறைந்த வகையான ஈமோபீலியா ஏ கடுமையாக உள்ளவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்கு அந்தப் பரம்பரையலகின் இன்ட்ரோன் 22 என்ற இடத்தில் ஒரு துண்டு தலைகீழாகப் புரண்டிருக்கும். அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

முடிவு வரமுன் பிரசவமென்றால், நீ காவி என்றே எண்ணி நடக்கச் சொல். ஆண்பிள்ளையானால் பிள்ளையை இழுத்தெடுக்க வெக்யூமும் ஆயுதமும் போடக்கூடாது. மண்டைக்குள் இரத்தம் கசியலாம். தொப்புள்கொடி இரத்தத்தில் ஃபக்டரைப் பார்க்கும்வரை தசையில் ஊசி வேண்டாம், விற்றமின் கே உட்பட. அதை வாயால் கொடுக்கலாம். பிள்ளை பெற்றபின் உன் ஃபக்டரும் இறங்கும். இரத்தப்போக்கு நாள்கணக்கில் நீண்டால் "பிள்ளைப்பெற்ற உடம்பு" என்று பொறுத்துக்கொண்டு இராதே. வலிக்கு பரசிட்டமோல் எடு. அஸ்பிரின், இபுபுரூஃபன் தொடாதே.

மாமாவின் கிளினிக் கொப்பியைப் படமெடுத்து வைபரில் அனுப்புகிறேன். ஃபக்டர் எட்டு 1 வீதத்துக்குக் குறைவு என்று எழுதிய பக்கத்தை டொக்டரிடம் காட்டு.

அன்புடன்
அம்மா