எனக்காக ஒரு தாந்தாவை உட்கார்ந்தே கழித்தவர்களுக்கு

புவெனஸ் அயர்ஸ் நகரின் போயேதோ வட்டாரத்து டாங்கோ மிலோங்கா நண்பர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

ஸ்பானிஷில் எழுதிய நன்றி மடலை நம் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். தமிழில் தனியாக ஒன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. "கால் உடைந்து கிடக்கிறாயே, அந்த ஊரில் உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கும்பகோணத்திலிருந்து அம்மா ஓயாமல் கேட்டார். சித்தி கேட்டார், பள்ளித் தோழிகள் கேட்டார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. உங்களுக்குச் சொல்லும் நன்றி என் மக்கள் காதிலும் விழ வேண்டும். பெயர் எதையும் எழுதப்போவதில்லை. யார் யார் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாங்கோ என்றதும் மேடையும், சிவப்பு உடையும், சுழற்றி வீசும் காலும் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது அதுவன்று. புவெனஸ் அயர்ஸ் நகரில் வாரத்தின் எல்லா நாள்களிலும் ஏதாவது ஒரு பேட்டைக் கிளப்பில், ஏதாவது ஒரு பழைய மண்டபத்தில் மக்கள் கூடித் தங்களுக்காக ஆடுகிறார்கள். அந்தக் கூடலுக்கு மிலோங்கா என்று பெயர். வங்கி ஊழியர், தையற்காரர், மாணவி, ஓய்வூதியர் என எல்லோரும் வருவார்கள். ஒத்திகை கிடையாது, முன்கூட்டி வகுத்த அசைவுகள் கிடையாது. 2009-இல் யுனெஸ்கோ டாங்கோவை அர்ஜென்டினா, உருகுவே இரு நாடுகளின் பொதுவான பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. நான் பார்த்தவரை அந்த மரபைத் தாங்கி நிற்பவர்கள், ஞாயிறு மாலை துணிப்பையில் நடனக் காலணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வரும் இந்த மனிதர்கள்தாம்.

தனியாக வருபவர்களில் பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் எதிர்ப்பக்கமும் உட்காரும் பழைய முறை எங்கள் கிளப்பில் இன்றும் இருக்கிறது. ஆட அழைப்பது கண்ணால்தான். மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் பார்ப்பார். நமக்கும் விருப்பமென்றால் பார்வையை விலக்காமல் இருப்போம். அவர் லேசாகத் தலையசைப்பார். இதற்குக் கபெசேயோ என்று பெயர். விருப்பமில்லாதவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம், யாருக்கும் முகம் சுருங்காது. இசையை நான்கு நான்கு பாடல்களாகத் தொகுத்து ஒலிக்கவிடுவார்கள். அந்தத் தொகுப்புதான் தாந்தா. வால்ஸ் வகையானால் பெரும்பாலும் மூன்று பாடல்கள். ஒரு தாந்தா முடியும்வரை ஒரே இணை. பிறகு கொர்த்தினா எனப்படும் வேறு வகை இசைத் துணுக்கு கேட்டதும் எல்லோரும் இருக்கைக்குத் திரும்புவார்கள்.

ஆண், பெண் தனித்தனியே உட்காருவதைப் பழமை என்று இளையவர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை நிமித்தம் இந்த நகரத்துக்கு வந்து, மொழி சரியாகத் தெரியாமல், ஒருவரையும் அறியாமல் கிளப்புக்குள் நுழைந்தவளுக்கு அமைப்பாளர் காட்டிய நாற்காலி நான்கு பெண்கள் இருந்த மேசையில் இருந்தது. அந்த நாற்காலி எனக்கு நான்கு அக்காக்களைக் கொடுத்தது. இணையோடு வருபவர்களுக்கு இது புரியாது. தனியாக வரும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஆட ஆள் அல்ல, பக்கத்தில் உட்கார ஆள்.

விபத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த நகரத்து நடைபாதைக் கற்கள் பல இடங்களில் பெயர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். மழை நாளில் அடியில் நீர் தேங்கி நிற்கும். அப்படிப்பட்ட கல் ஒன்றில் கால் வைத்து வழுக்கினேன். இடது கணுக்காலில் எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை; மாவுக்கட்டு போட்டார்கள்.

மேசை அக்காக்களுக்கு என் முதல் நன்றி. நடைபாதையில் உட்கார்ந்தபடியே உங்களில் ஒருவரைத்தான் அழைத்தேன். அரை மணி நேரத்துக்குள் டாக்சியில் வந்து இறங்கினீர்கள், வீட்டில் போடும் செருப்போடு. மருத்துவமனையில் என் ஸ்பானிஷ் தடுமாறிய இடங்களிலெல்லாம் நீங்களே பேசினீர்கள். மறுநாள் காலை என் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: எந்தக் கிழமை யார் வருவது, யார் சமைப்பது, யார் துணி துவைப்பது என்று. எப்படி இவ்வளவு விரைவாக என்று கேட்டதற்கு, "இது எங்களுக்குப் பழக்கம்" என்றீர்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஊரடங்கு வந்து மிலோங்காக்கள் எல்லாம் மூடப்பட்டபோது, தனியாக வாழும் ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுதி, கிழமைக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டு தொலைபேசியில் பேசினீர்களாம். நெருங்கி அணைத்து ஆடிப் பழகிய முதியவர்கள், ஒருவரைத் தொட வழியில்லாமல் நான்கு சுவருக்குள் இருந்த காலம் அது. அந்தப் பட்டியல் முறைதான் எனக்கும் வந்து சேர்ந்தது.

நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. மாட்டிறைச்சிக்குப் பேர்போன நாட்டில் இது உங்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சோளம் வைத்த, சோமாசி போன்ற எம்பனாடா வந்தது, கீரை அடைத்துச் சுட்ட தார்த்தா வந்தது. 29-ஆம் தேதி ஞோக்கி எனப்படும் உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளோடு வந்தீர்கள். மாதத்தின் 29-ஆம் நாள் ஞோக்கி சாப்பிடுவதும், தட்டுக்கு அடியில் பணத்தாள் வைப்பதும் இங்கே வழக்கம். எனக்கும் ஒரு தாளை மறக்காமல் வைத்தீர்கள். 2023 இறுதியில் ஆண்டுப் பணவீக்கம் 211 சதவீதத்தை எட்டிய நாடு இது. ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்பவர்கள் நீங்கள். அந்தத் தட்டின் கனம் எனக்குத் தெரியும்.

தலை குளிப்பாட்டிவிட்டதைத் தனியே சொல்ல வேண்டும். கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் ஏற்றி, சமையலறைத் தொட்டியில் என் தலையைச் சாய்த்து, குடுவையில் வெந்நீர் எடுத்து ஊற்றினீர்கள். காதுக்குள் நீர் போகாமல் உள்ளங்கையால் அணை கட்டினீர்கள். காணொளி அழைப்பில் அதைப் பார்த்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை; கேட்டதெல்லாம் அந்த அக்கா சாப்பிட்டாரா என்பதுதான்.

அமைப்பாளருக்கு நன்றி. ஊன்றுகோலோடு வந்த முதல் ஞாயிறே எங்கள் மேசையை நடைவழி ஓரத்துக்கு நகர்த்தி, என் கால் நீட்ட இன்னொரு நாற்காலி போட்டீர்கள். கட்டுப் பிரிக்கும்வரை என்னிடம் நுழைவுக் கட்டணம் வாங்க மறுத்துவிட்டீர்கள்.

இனி, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு. ஐயா, உங்களுக்கு எண்பது கடந்துவிட்டது. முழங்கால் அனுமதிப்பது மாலைக்குச் சில தாந்தாக்கள் மட்டுமே என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எந்தக் குழுவின் இசைக்கு எழுவது என்று நீங்கள் கணக்குப் பார்த்துத்தான் எழுவீர்கள். அனிபால் துரோய்லோ குழு என்றால் உட்காரவே மாட்டீர்கள். அந்த ஞாயிறு துரோய்லோ தாந்தா தொடங்கியது. ஃபியோரென்டினோ பாடி 1941-இல் பதிவான பாடல்கள். எதிர்ப்பக்கம் இரண்டு மூன்று பெண்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எழுந்து, மண்டபத்தின் ஓரமாகச் சுற்றி வந்து, அக்காக்களிடம் அனுமதி கேட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பாட்டு ஓடும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு பாடல்களுக்கு நடுவே மட்டும், அடுத்ததில் பாந்தோனியோன் என்ற துருத்திக் கருவி எங்கே மூச்சை இழுத்து நிறுத்துகிறது என்று கேட்கச் சொன்னீர்கள். அந்த இடம் வந்ததும் தளத்தில் இருந்த நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். அதுவரை ஆடிக்கொண்டே இருந்ததால் நான் பார்த்திராத காட்சி அது. நான்கு பாடல்களும் முடிந்த பிறகு எழுந்து உங்கள் இருக்கைக்குப் போனீர்கள். என் கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அன்று நோயாளியாக இல்லாமல் ஆட்டக்காரியாகவே உட்கார்ந்திருந்தேன்.

அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கட்டுப் பிரியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவர் தம் தாந்தாவை என் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தார். இசைக்காக ஏங்கி வாரம் முழுதும் காத்திருப்பவர் அதை விட்டுக்கொடுப்பது சிறிய காரியமன்று.

இயன்முறை மருத்துவரான தோழிக்கு நன்றி. நீங்கள் இணையைப் பின்தொடர்ந்து ஆடுவதோடு நின்றுவிடாமல், வழிநடத்தியும் ஆடக் கற்றவர். அதனால் எந்தக் காலுக்கு எப்போது எவ்வளவு எடை வரும் என்பது உங்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும். கட்டுப் பிரிந்த பிறகு பயிற்சி நாளில் என்னைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே எடையை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என மாற்றிக்கொண்டிருந்தீர்கள். ஓர் அடிகூட வைக்கவில்லை. கூடம் முழுவதும் ஆடிக்கொண்டிருந்தபோது அந்த மாலை முழுவதையும் அதற்கே கொடுத்தீர்கள்.

பிறகு தளத்துக்குத் திரும்பிய அந்த ஞாயிறு. இசை தொகுப்பவரே, நீங்கள் அதைத் திட்டமிட்டுச் செய்தீர்கள் என்று பின்னால் அக்கா சொன்னார். கூட்டம் சேரும் முன்பே, மாலையின் தொடக்கத்தில் கார்லோஸ் டி சார்லி குழுவை வைத்தீர்கள். தாரியென்சோ குழுவாக இருந்திருந்தால் அந்தத் துள்ளல் வேகத்துக்கு என் கணுக்கால் அஞ்சி ஒடுங்கியிருக்கும். டி சார்லியின் பியானோ அடுத்த அடியை எங்கே வைக்கலாம் என்பதை அவசரமில்லாமல், முன்கூட்டியே சொல்லிவிடும். நடக்கத் தெரிந்தவர் அந்த இசைக்கு ஆடலாம்.

பெரியவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். தலையசைத்தார். என் மேசைவரை வந்து கை நீட்டினார். அணைப்புக்குள் வந்ததும் உடனே புறப்படவில்லை. பாடலின் முதல் வரிகள் போகட்டும் என்று விட்டு, எடையை மட்டும் மெல்ல இங்கும் அங்கும் மாற்றினார். இடது காலில் நான் முழுதாக நிற்காமல் சீக்கிரம் விலகுவது அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. என் நெஞ்சு அவர் நெஞ்சோடு இருந்தது. என் வலது கை அவர் இடது கையில் இருந்தது. அவருக்குச் செய்தி போக அந்த வழி போதுமாக இருந்தது. வழக்கமாகப் பெண்ணின் இடது கால் வலது காலின் முன்னே குறுக்கே வந்து எடையை வாங்கும் ஓர் அடி உண்டு. ஆட்டத்தில் அது அடிக்கடி வரும். அந்தத் தாந்தா முழுதும் அவர் அதைக் கேட்கவே இல்லை. இடது காலில் நின்று திரும்ப வேண்டிய எதையும் கேட்கவில்லை. என் இடது கால் தரையில் இருக்கும் நேரத்தைக் குறுக்கி, வலது காலுக்கு வந்ததும் நீள நின்றார். அது தடுமாற்றமாகத் தெரியாமல் இசையோடு பொருந்தும்படி செய்தார். மூன்றாவது பாடலில் நானாகவே இடது காலில் சற்று அதிக நேரம் நின்றேன். அடுத்த அடியை அவர் அந்த அளவுக்கு நீட்டினார். நான்காவதில் இன்னும் கொஞ்சம்.

டாங்கோவின் அணைப்பைக் காமத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசுபவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. முன்பின் அறியாதவர்கள் இப்படி நெஞ்சோடு நெஞ்சாக ஆடலாமா என்று சித்தி கவலைப்பட்டார். சித்தி, என் கால் எவ்வளவு தாங்கும் என்பதை எக்ஸ்ரே படம் எடுத்தவர்களை விட நன்றாக அறிந்தவர் அந்தப் பெரியவர். அறிந்துகொண்டது அந்த அணைப்பால்தான்.

எங்களுக்குப் பின்னால் ஆடிய இணைக்கும் நன்றி சொல்ல வேண்டும். தளத்தில் எல்லோரும் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் வரிசையாக நகர்வது வழக்கம். முன்னால் போகிறவர்கள் நின்றால் பின்னால் இருப்பவர்களும் நிற்க வேண்டும். நாங்கள் அடிக்கடி நின்றோம். நீங்கள் நெருக்கவில்லை, தாண்டிப் போகவில்லை. இரண்டு அடி இடைவெளியை நான்கு பாடலும் காத்து, கிடைத்த சிறு இடத்திலேயே உங்கள் ஆட்டத்தை ஆடி முடித்தீர்கள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கொர்த்தினா ஒலித்ததும் திரும்பிப் பார்ப்பதற்குள் இருக்கைக்குப் போய்விட்டீர்கள். சாம்பல் நிற மேல்சட்டை, பச்சைக் காலணி என்பது மட்டும் கண்ணில் பட்டது. பலகையில் ஸ்பானிஷ் மடலைப் பார்த்தால் இரண்டாம் மேசைக்கு வாருங்கள்.

குதிகால் தாழ்ந்த காலணியை என் வீங்கிய பாதத்துக்கு ஏற்ப அகலப்படுத்தித் தந்த செருப்புக் கடைக்காரருக்கும், ஊன்றுகோல் சறுக்காமல் இருக்கத் தரையில் கொட்டிய நீரை ஓடி ஓடித் துடைத்த பரிமாறும் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாகச் சில தகவல்கள். கிளப் தந்த ஊன்றுகோல்களைத் துடைத்து, புது ரப்பர் போட்டு, செயலாளர் அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் அவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையின் மூத்த அக்காவுக்கு அடுத்த மாதம் கண்புரை அறுவை சிகிச்சை. பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரு நாளும் சமையல் என்னுடையது, காரம் குறைத்தே செய்கிறேன்.

நன்றியுடன்,
இரண்டாம் மேசைத் தமிழ்ப் பெண்