குறும்பர் ஓவியரைப் படமெடுக்க வரும் மகளுக்கு

கோத்தகிரி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பியிருந்த ஆவணப்படத் திட்டத்தை நிதானமாகப் படித்து முடித்தேன். நம் நீலகிரி மலையைச் சேர்ந்த ஆலு குறும்பர் பழங்குடி ஓவியர் ஒருவரைப் பற்றி நீ படமெடுக்கப் போகிறாய் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் முதல் பத்தியிலேயே அவரை "அழிந்துவரும் ஆதிக்கலையின் கடைசிச் சாட்சி" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். அவர் உன்னைவிடச் சில வயதே மூத்தவர். பகலில் தேயிலைத் தோட்டத்தில் செடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலைக்குப் போய்விட்டு மாலையில் வரைகிறார். வரைந்ததைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விலை பேசுகிறார். அண்மையில் அவர் முடித்த படத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமைகள் இறங்கி வருகின்றன. இன்று நடப்பதை இன்று வரைகிற ஒருவரைப் பழங்காலத்தின் மிச்சமாகக் காட்டுவது அவருக்கும் அநியாயம், கலைக்கும் அநியாயம்.

பழமை இல்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளரிக்கொம்பை என்னும் ஊருக்கு அருகிலுள்ள எழுத்துப் பாறையில் இருக்கும் ஓவியங்களைத் தம் முன்னோர் வரைந்தவை என்றே குறும்பர்கள் கருதுகிறார்கள். வீட்டுச் சுவரில் வரைந்த காலத்தில் செம்மண், வெண்மண், மரப்பட்டைக் கரி, காட்டு அவரை இலை ஆகியவற்றிலிருந்தே நிறங்கள் வந்தன. அதே கை பின்னர் காகிதத்துக்கு மாறியது. வேங்கை மரத்தின் பிசின் முக்கிய நிறமாயிற்று. பாறையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து காகிதத்துக்கும் ஒரு கலை இடம் மாறியிருக்கிறதென்றால், அதை மாற்றிக்கொண்டவர்கள் யோசிக்கத் தெரிந்த மனிதர்கள். உன் படம் அந்த யோசனையைத்தான் பிடிக்க வேண்டும்.

ஓவிய ஆசிரியையாக இருந்தவள் என்பதால், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார எனக்கு அனுமதி உண்டு. வேங்கைப் பட்டையைக் கீறினால் இரத்தம்போல வடிந்து கட்டியாகும் அந்தப் பிசினை, அவர் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வெந்நீர் ஊற்றிக் கரைக்கிறார். முதல் பூச்சு நீர்த்த தேயிலை நிறத்தில்தான் விழும். காயவிட்டு, அதன்மேலேயே மறுபடி தொட, செம்பழுப்பு ஏறிக்கொண்டே போகும். எங்கே ஒரு பூச்சோடு நிறுத்துவது, எங்கே இன்னொன்று வைப்பது என்பதில்தான் பாறையின் ஆழமும் மனித உடலின் எடையும் உண்டாகின்றன. செங்குத்துப் பாறையில் தேன் எடுக்கும் காட்சியை வரையும்போது, காட்டுக்கொடியில் தொங்குகிறவரை அவர் முதலில் வரைவதில்லை. மேலே நின்று கொடியைக் காக்கும், தொங்குகிறவரின் மைத்துனரையே முதலில் வரைகிறார். தன் தங்கை விதவையாகிவிடக் கூடாதென்று கையைத் தளரவிடாமல் நிற்பவர் அவர்தான் என்பதால், அந்த உருவம் சரியாக நின்ற பிறகே பாறைச் சரிவில் கோடு இறங்குகிறது. இந்த வரிசையை நீ வெட்டாமல், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். பிசின் காயும் இடைவெளியில் அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அங்கே புல்லாங்குழல் இசையைப் போட்டு நிரப்பிவிடாதே.

1972இல் சத்யஜித் ராய், சாந்திநிகேதனில் தமக்கு ஆசிரியராக இருந்த பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்னும் குறும்படத்தை எடுத்தார். பார்வையை இழந்துவிட்ட ஓவியரைப் பற்றிய படம் என்றால் இரக்கத்தைப் பிழிந்தெடுப்பது எளிது. ராய் அதைச் செய்யாமல், அவர் கைகள் வேலை செய்வதையும் அவர் செய்து முடித்தவற்றையும் பொறுமையாகக் காட்டினார். வறுமை, மூடுபனி, மூதாட்டியின் சுருக்கம் விழுந்த முகம் என்று உன் திட்டத்தில் குறித்திருக்கும் காட்சிகளைவிட இந்த வழி உனக்குப் பெரிதும் உதவும்.

நேர்காணலை அவருடைய மொழியிலேயே எடு. தமிழில் கேட்டால் மரியாதைக்காகச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுவார். தம் மொழியில் தம் அண்ணனோடு படத்தைப் பற்றி வாதாடும்போது அவர் வேறொரு மனிதர். அந்த வாதத்தைப் பதிவுசெய்து தமிழில் துணைத்தலைப்புப் போட்டால் போதும்.

இன்னொன்றை நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை விற்றுவிட்டாலும், எழுத்து மூலம் மாற்றிக்கொடுக்காத வரை அதன் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். அவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது தொடரும். இவர் வரைந்த தேனெடுப்புக் காட்சி ஒருவருடைய நாட்காட்டியில் பெயரே இல்லாமல் அச்சானதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்று அவர் முகத்தில் தெரிந்த வேதனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே எந்தெந்த ஓவியம் படத்தில் வரும், அதற்கு என்ன தொகை, எங்கெல்லாம் திரையிடுவாய் என்பதையெல்லாம் அவருக்குப் படித்துக்காட்டி எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள். ஓவியங்கள் வரும் இடத்திலேயே அவர் பெயரும் வர வேண்டும். படப்பிடிப்பு நாட்களில் அவர் இழக்கும் தோட்டக் கூலி தனி. அதை ஓவியத் தொகையோடு சேர்க்காதே.

காட்டுக்குள் பிசின் எடுக்கும் காட்சிக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் இப்போதே விண்ணப்பித்துவிடு. வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரிக்குள் வர 2024 மே முதல் இ-பாஸ் (இணையவழி அனுமதிச்சீட்டு) முறை நடப்பில் உள்ளது. வாடகை வண்டிக்காரரிடம் அதைக் கேட்டுக்கொள். அக்டோபர், நவம்பரில் வராதே. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைவதுபோல் நம் கிழக்குச் சரிவு வடகிழக்குப் பருவமழையில்தான் நனைகிறது; அப்போது பிசினும் காயாது. ஜனவரி, பிப்ரவரி நல்ல வெளிச்சம். குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கேமராவை உடனே பையிலிருந்து எடுக்காதே, லென்ஸில் நீர் பூத்துவிடும்.

படத்தொகுப்பு முடிந்ததும், எந்த விழாவுக்கும் அனுப்புவதற்கு முன்னால், அவர் ஊரில் ஒரு மாலை திரையிட்டு, அவர் வேண்டாம் என்பதை நீக்கிவிட ஒப்புக்கொள்வாயா என்று எழுது. நீ சம்மதித்தால் பள்ளியில் புரொஜெக்டரும் திரையும் கேட்டு வைக்கிறேன். ஊர்ப் பெரியவர்களிடமும் நானே போய்ப் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா