பெல்ஸ் என்ன ஆச்சு என்று கேட்ட அப்பாவுக்கு

துவாஸ், சிங்கப்பூர்
14.7.2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொண்டது. நான் இங்கே நலம். நீங்கள், தங்கச்சி, உங்கள் மருமகள், பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்க முப்பிடாதி அம்மன் துணை.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று மருமகள் சிரித்திருப்பாள். ஆனால் போனில் நீங்கள் "ம்", "சரி", "உடம்பப் பாத்துக்கோ" மூன்றுக்கு மேல் பேசுவதில்லை. கடிதத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பதில் எழுத நான்கைந்து வருடமாகப் பேனாவையே எடுக்காத கை கொஞ்சம் முரண்டு பிடித்தது, அவ்வளவுதான்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், பழக்கம் விடவில்லை. கேட்டரிங்தான். விடியுமுன்னே காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்தே வந்துவிடும். பன்னிரண்டு மணிக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சாம்பார் ஒரு வாசனை அடிக்கும், அதற்குள் மூக்கை மூடிக்கொண்டு இரண்டு வாய் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாங்களே ஆக்குவோம். இன்றைக்குத் தேக்கா போய் மீன் வாங்கி வந்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். புளி சரியில்லை. நம் வீட்டு மரத்துப் புளி ஒரு உருண்டை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போட்டோவில் என் ஹெல்மெட்டில் வேறு பெயர் ஒட்டியிருக்கிறதே, பெல்ஸை விட்டுவிட்டாயா, விட்டால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கோபித்திருக்கிறீர்கள். நான் எங்கும் போகவில்லை அப்பா. அதே கப்பல் கட்டும் யார்டுக்குத்தான் போகிறேன், பெயர்தான் போய்விட்டது. இப்போது சீட்ரியம் என்று சொல்ல வேண்டும். நான் சப்கான் ஆள், காண்ட்ராக்டர் வழியாக வந்தவன்தானே, ஹெல்மெட்டில் என்ன ஒட்டித் தருகிறார்களோ அதைப் போட்டுக்கொள்கிறேன். ஆனால் ஊரில் நம் வீட்டை இன்னமும் "பெல்ஸ்காரர் வீடு" என்றுதானே சொல்கிறார்கள். அதனால் உங்களுக்கு முழுக்கதையும் சொல்ல வேண்டியதுதான்.

நீங்கள் வேலை பார்த்தபோது அது ஃபார் ஈஸ்ட் லெவிங்ஸ்டன் ஷிப்பில்டிங், சுருக்கிச் சொன்னால் பெல்ஸ். லெவிங்ஸ்டன் என்பவர் ஒரு வெள்ளைக்கார முதலாளி, என்றைக்காவது வந்து பார்ப்பார் என்று நீங்கள் எல்லாம் எதிர்பார்த்ததாகச் சொல்வீர்களே! அது டெக்சாஸில் ஆரஞ்ச் என்ற ஊரிலிருந்த ஒரு கப்பல் கட்டும் கம்பெனி. 1967-ல் இங்கே சின்னதாக ஆரம்பித்த யார்டோடு அவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். 1971-ல் கெப்பல் என்ற சிங்கப்பூர்க் கம்பெனி உள்ளே வந்தது. இரண்டு வருடத்தில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, விலை நாலு மடங்கு ஆனது. அப்புறம் கடலில் எங்கே எண்ணெய் இருந்தாலும் தோண்டு என்று உலகமே கிளம்ப, ரிக், அதாவது கடலில் எண்ணெய் தோண்டுகிற மேடை, கட்டுகிறவனுக்கு யோகம். அந்த யோகத்தின் வால் பகுதியில்தான் நீங்கள் 1979-ல் ரிக்கராக, கிரேனில் சாமானைக் கட்டித் தூக்குகிற வேலைக்கு, வந்து சேர்ந்தீர்கள்.

அந்த எனிவெடாக் கப்பல் கதையை எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! 1983 ஜனவரியில் எண்ணெய் தோண்டும் அந்தக் கப்பலின் கோபுரம் சென்தோசா கேபிள் காரின் கம்பியில் மாட்டி, இரண்டு பெட்டி கடலில் விழுந்து 7 பேர் செத்தது. இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், அந்தக் கேபிள் காரில் இன்றுவரை ஏறியதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

பேரன் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, அப்பா செய்வது கப்பலா கட்டடமா என்று. இரண்டும்தான் என்று சொல்லுங்கள். மூன்று கால் வைத்த ஒரு மிதவை. இழுத்துக்கொண்டு போகும்போது கால்கள் ஆகாயத்தில் நிற்கும். இடம் வந்ததும் கால்களை இறக்கித் தரையில் ஊன்றி, அதன்மேல் உடம்பு பல் பல்லாக ஏறி அலைக்கு மேலே போய் நின்றுகொள்ளும். அந்தப் பல் வைத்த இரும்பு சாதாரண இரும்பு இல்லை. வெல்டிங் வைக்கும் முன்னே சூடேற்ற வேண்டும், வைத்து முடித்ததும் மெதுவாக ஆறவிட வேண்டும். உடனே சோதித்தும் பயனில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவசரப்பட்டால் அது அப்போது ஒன்றும் சொல்லாது, அப்புறம் கடலில் வைத்துச் சொல்லும். இதையும் அவனிடம் சொல்லுங்கள், அவனுக்கு எல்லாம் அன்றைக்கே நடக்க வேண்டும்.

உங்கள் காலத்தில் ரிக்கின் வரைபடம் அமெரிக்காவிலிருந்து வரும், இங்கே கட்டுவோம். பிறகு இவர்களே சொந்தமாக வரைய ஆரம்பித்தார்கள். நான் முதலில் தொட்டதே பி கிளாஸ் ரிக்தான். அது இவர்கள் வரைந்தது. 1990-ல் டெக்சாஸிலேயே பிரவுன்ஸ்வில்லில் ஒரு யார்டு வாங்கிவிட்டார்கள். கற்றுக்கொடுத்தவன் ஊரில் போய்க் கடை போட்ட மாதிரி. அப்புறம் பிரேசில். அங்கே ஆர்டர் பிடிக்க லஞ்சம் போன விவகாரத்தில் 2017-ல் மூன்று நாடுகளுக்குச் சேர்த்து 42 கோடி அமெரிக்க டாலர் கட்டினார்கள். அது பெரிய இடத்து விஷயம், நமக்கு எதற்கு.

நான் 2004-ல் வந்தது நல்ல நேரம். எண்ணெய் விலை ஏற ஏற ரிக் மேல் ரிக். உலகத்தில் கட்டுகிற மூன்று கால் ரிக்கில் பெரும்பங்கு இந்தச் சின்னத் தீவிலிருந்து போனது. 2013-ல் ஒரே வருடத்தில் இருபதுக்கு மேல் முடித்து அனுப்பினார்கள். நம் வீட்டுக்கு மாடி எடுத்தது, தங்கச்சி கல்யாணக் கடனை அடைத்தது எல்லாம் அந்த வருடங்களின் ஓவர்டைம்.

அப்புறம் விழுந்தது. 2014 நடுவில் பேரல் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போய்விட்டது. கட்டி முடித்த ரிக்கை வாங்க ஆள் வரவில்லை. கால்களைத் தூக்கிக்கொண்டு அவை கரையோரம் வரிசையாக நின்றதைப் பார்த்தால், தேரை அலங்காரம் பண்ணி நிறுத்திவிட்டு வடம் பிடிக்க ஊரே வராமல் போனது மாதிரி இருக்கும்.

அந்த வருடம் நான் எட்டு மாதம் ஊரில் இருந்தேன். லீவு என்று அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் எதுவும் கேட்கவில்லை, தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் மாட்டக் கூட்டிக்கொண்டு போனீர்கள். 1985-ல் இங்கே மந்தம் வந்து யார்டுகளில் ஆள் குறைத்தபோது நீங்களும் லீவு என்று சொல்லித்தான் வந்தீர்களாம். அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "பெட்டியோட படுக்கையையும் சுருட்டிக்கிட்டு எவனாவது லீவுக்கு வருவானா" என்று சிரித்தாள். நான் வந்தபோதும் அவள் என் பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள்.

இப்போது பெயருக்கு வருகிறேன். இங்கே பெரிய யார்டு கூட்டம் இரண்டு. ஒன்று நம்முடையது. இன்னொன்று செம்ப்கார்ப் மரைன், அதாவது 1963-ல் ஜப்பான்காரர்களோடு சேர்ந்து ஆரம்பித்த ஜூரோங் ஷிப்யார்டும், வெள்ளைக்காரன் கடற்படை விட்டுப்போன செம்பவாங் யார்டும் சேர்ந்தது. உங்கள் காலத்தில் ஜூரோங்காரன் என்றால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டீர்களாமே. இரண்டு பேரும் விழுந்து கிடந்தார்கள், 2023 பிப்ரவரியில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஏப்ரலில் புதுப் பெயர். பங்காளிச் சண்டை போட்ட வீட்டில் நடுச்சுவரை இடித்த மாதிரி, இப்போது ஜூரோங்காரனும் நானும் ஒரே லாரியில் போகிறோம்.

நீங்கள் ரிக்கர் என்பதால் இதை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. துவாஸ் யார்டில் இரண்டு கோலியாத் கிரேன் நிற்கிறது. ஒன்று 15,000 டன் தூக்கும், இரண்டும் சேர்ந்தால் 30,000. கீழே துண்டு துண்டாகத் தூக்கி மேலே கொண்டுபோய் மாட்டுவீர்களே, அந்த வேலையே இல்லை. மேல்தளம் முழுவதையும் தரையிலேயே முடித்து ஒரே தூக்காகத் தூக்கி வைக்கிறார்கள். நீங்கள் ஒரு நாள் அதன் அடியில் நிற்க வேண்டும் அப்பா.

தூக்குவது என்ன தெரியுமா? காத்தாடிச் சாமான். நம் மேட்டு நிலத்துக்குப் பக்கத்தில் கரண்டு எடுக்கிற காத்தாடி நிற்கிறதே, அதைக் கடலுக்குள் நூற்றுக்கணக்கில் நட்டு, அந்தக் கரண்டையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து டிசியாக மாற்றிக் கரைக்கு அனுப்ப ஒரு பெரிய மேடை. கடலடியில் நெடுந்தூரம் கேபிள் போனால் ஏசியாக அனுப்பிக் கட்டுப்படி ஆகாதாம். நெதர்லாந்துப் பக்கம் போகப்போகிற மேடை ஒன்று 2,000 மெகாவாட். கூடங்குளத்தில் ஓடுகிற இரண்டு உலையும் சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. எண்ணெய் தோண்ட ஆரம்பித்த பெல்ஸ் காற்றுக்கு வந்து நிற்கிறது. ஆடிக்காற்றில் ஓடு பறக்கிறது என்று திட்டிக்கொண்டே வளர்ந்தோம், அதற்கு இத்தனை மரியாதை வரும் என்று யார் கண்டது.

ரூமில் ஒரு பங்களாதேஷ் தம்பி இருக்கிறான், எனக்குக் கீழ்க் கட்டில். பரிசால்காரன், தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவான். ஒவ்வொரு ஞாயிறும் கீழே மினிமார்ட் தராசில் ஏறி நிற்பான். சட்டைப்பையிலிருக்கும் சில்லறையைக்கூட எடுத்து வைத்துவிட்டுத்தான் ஏறுவான். எடையைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்வான். அரைக் கிலோ குறைந்தால் அந்தம்மா அங்கே அழுவது எனக்குக் கேட்கும். போன மாதம் இரண்டு கிலோ குறைந்துவிட்டான். அன்றைக்கு என் பூட்ஸையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறினான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

2020-ல் டார்மிட்டரியை அடைத்து வைத்திருந்தபோது அம்மா போனாள். போனில் நீங்கள் காட்டினீர்கள், வெளிச்சம் பட்டு முகம் சரியாகத் தெரியவில்லை. நான் கேட்டேன், கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று. அதுதான் கடைசியாக நான் சொன்னது. என் கடிதத்தை நீங்கள் வாசிக்கும்போது "சாப்பாட்டப் பத்தி எழுதிருக்கானா" என்று நடுவில் கேட்பாளே, அப்படிக் கேட்க ஆளில்லாமல் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

போகட்டும். வீட்டு விஷயம். பேரன் கவுன்சிலிங்குக்குப் போக மாட்டேன், வெல்டிங் படித்துவிட்டு அப்பாவிடம் போகிறேன் என்கிறானாம். அவனை அடிக்க வேண்டாம். இந்த மாதக் கடைசியில் கவுன்சிலிங், தங்கச்சி வீட்டுக்காரரைக் கூட அனுப்புங்கள். மெக்கானிக்கலோ சிவிலோ எது கிடைத்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். இங்கே ஏசி ரூமில் உட்கார்ந்து அந்த மேடையை வரைகிறவர்களிலும் நம்மூர்ப் பையன்கள் இருக்கிறார்கள், கேன்டீனில் பார்த்திருக்கிறேன். வர வேண்டுமானால் அந்த வாசல் வழியாக வரட்டும். முதல் வருடப் பீஸுக்கு நான் ஏற்பாடு பண்ணிவிடுவேன்.

இந்த மாதம் பணம் குறைவாக வந்ததற்கு ரேட்தான் காரணம். ஓவர்டைமும் கொஞ்சம் குறைவு, உடம்புக்கு நல்லதுதான். தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் மூன்று பவுன் என்று பேசியிருந்தோம். இரண்டை இப்போது போடச் சொல்லுங்கள், ஒன்று தைக்கு நான் கொண்டு வருகிறேன் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவள் காரணம் கேட்பாள். பேங்கில் வைத்த மருமகளின் சங்கிலிக்கு வட்டி கட்டும் தேதி 25, மறக்க வேண்டாம்.

காத்தாடிக்காரன் பாதைக்கு இன்னும் ஐந்து சென்ட் கேட்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புளியமரம் அந்த ஐந்து சென்ட்டுக்குள் வருகிறதா என்று அளந்து சொல்லுங்கள்.

தை மாதம் வருகிறேன். பெட்டி மட்டும்தான், படுக்கை வராது.

இப்படிக்கு,
உங்கள் மகன்

பி.கு: கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். காத்தாடிச் சாமானைத் தூக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பினால் உங்களுக்குக் கிரேன் தெரிய வேண்டாமா.