டேவிஸ் பெயரில் இடம் மாறிய இரண்டு எழுத்து

அன்புள்ள முருகேசா,

நவம்பர் 7-க்குள், டிப்பகனூ சண்டையில் இறந்த அமெரிக்க மேஜர் டேவிஸுக்கு வெண்கலப் பலகை வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல சேதி. கூட அனுப்பியிருந்த வாசகத்தையும் படித்தேன். நாலு இடத்தில் பேனா வைக்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

முதலில் பெயர். ஜோசப் ஹாமில்டன் டேவிஸ் தன் பெயரை ஆங்கிலத்தில் டி, ஏ, வி, இ, ஐ, எஸ், எஸ் என்று எழுதியவர். நீங்கள் 'இ'யையும் 'ஐ'யையும் இடம் மாற்றிவிட்டீர்கள். உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கென்டக்கி, இண்டியானா, இல்லினாய், மிசூரி என்று நாலு அமெரிக்க மாநிலங்கள் அவர் பெயரில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வைத்தன. நாலிலும் இதே பிழை. (தமிழில் எப்படி எழுதினாலும் டேவிஸ்தான், நாம் தப்பித்தோம்.) ஆகவே அவர் பெயர் வரும் வரியில் அவர் எழுதியபடியும், கவுண்டி வரும் வரியில் அரசாங்கம் எழுதுகிறபடியும் இருக்கட்டும். இங்கேதான் ஆபத்து: ஒரே பலகையில் இரண்டு விதமாகப் பார்த்தால் வார்ப்புக்காரர் தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றாக்கிவிடுவார். 'இரண்டும் சரி, மாற்றாதீர்கள்' என்று வரைபடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.

இரண்டாவது, '1812 போரில் வீழ்ந்தவர்' என்ற வரி. இண்டியானாவில் டிப்பகனூ சண்டை நடந்தது 1811 நவம்பர் 7. பிரிட்டன் மேல் அமெரிக்கா போர் அறிவித்தது 1812 ஜூன் 18. அவர் இறந்து ஏழு மாதம் ஆன பிறகு வந்த போரை அவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? 'டிப்பகனூ சண்டையில், 1811' என்றால் போதும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 'தன் படையை வெற்றிக்கு நடத்திச் சென்று உயிர் நீத்தார்' என்கிறது உங்கள் வாசகம். நடந்தது அப்படியில்லை. இண்டியானா பிரதேசத்து ஆளுநர் ஹாரிசனின் ஆட்கள் சுமார் ஆயிரம் பேர், ப்ராஃபெட்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் முகாமிட்டிருந்தார்கள். ஷானி இனத்துச் சமயத் தலைவர் தென்ஸ்க்வாத்தாவாவின் ஊர் அது. அவருடைய அண்ணன் டெக்கும்சே அப்போது தெற்கே போயிருந்தார். விடியுமுன் அந்த ஊர்க்காரர்கள் முகாமைத் தாக்கினார்கள். குளிருக்கு மூட்டிய நெருப்பு எரிந்துகொண்டிருந்ததால் எழுந்து நின்ற சிப்பாய் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தான். சுடுகிறவர்கள் இருட்டில் இருந்தார்கள். முகாமுக்கு முன்னால் மரங்களுக்குப் பின்னிருந்து ஒரு கூட்டம் விடாமல் சுட, அவர்களை விரட்டும் பொறுப்பு டேவிஸுக்கு வந்தது. குதிரைப்படைக்கு அவர்தான் மேஜர். போதுமான ஆட்களை அழைத்துப் போகாமல் சிலரோடு பாய்ந்தார். எதிரிகள் முன்னால் விலகி, இரண்டு பக்கமும் வளைத்துச் சுட்டார்கள். அவருக்கு மரணக் காயம். கூடப் போனவர்கள் பின்வாங்கினார்கள். அதே இடத்தைக் கேப்டன் ஸ்னெல்லிங் தன் படைப்பிரிவோடு பாய்ந்து மீட்டார். துணிச்சல்தான் டேவிஸைக் குறைந்த ஆட்களோடு போக வைத்தது என்று ஹாரிசனே தன் அறிக்கையில் சொல்லிவிட்டார். அதை மறைப்பதில் டேவிஸுக்கு என்ன பெருமை? 'பாய்ந்து தாக்கும்போது மரணக் காயமடைந்தார்' என்று எழுது.

நாலாவது, 'இங்கே உறங்குகிறார்'. செத்தவர்களைக் களத்திலேயே புதைத்து, அடையாளம் தெரியாமலிருக்க மேலே நெருப்பு மூட்டிவிட்டுத்தான் படை கிளம்பியது. இருந்தும் குழிகள் தோண்டப்பட்டன. எலும்புகளைப் பிற்பாடு சேகரித்து மறுபடி புதைத்தார்கள். 'நினைவாக' என்று போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இடம் மிஞ்சினால் அவர் வக்கீல் என்பதைச் சேர். 1806-ல் கென்டக்கியில் அரசு வழக்கறிஞராக இருந்து, முன்னாள் துணை ஜனாதிபதி ஆரன் பர் மேல் துணிந்து வழக்குக் கொண்டுவந்தவர். பர்ருக்காக வாதாடியவர் ஹென்றி கிளே. வழக்கு நிற்கவில்லை, டேவிஸின் பதவியும் போயிற்று. எதிர்த்தரப்பையும் விட்டுவிடாதே. 'செவ்விந்தியர்' என்று மொட்டையாகப் போடாமல் ஷானி, கிக்கப்பூ, பாட்டவாட்டமி என்று இனப்பெயரோடு எழுதலாம்.

பலகை வேலைக்கு வருகிறேன். எழுத்தின் உயரம் அரை அங்குலமாவது இருக்கட்டும். ரொம்பச் சிறிதானால் வார்ப்பில் உள்வட்டங்கள் அடைத்துக்கொள்ளும். பொருத்துகிற போல்ட் வெண்கலமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான். சாதா இரும்பு துருவேறினால் உப்பிக் கல்லைப் பிளக்கும். பலகையிலிருந்து வழியும் மழைநீர் வெளிர்க்கல்லில் பச்சைக் கோடு போடும். வருஷத்துக்கொரு முறை மெழுகு பூசினால் குறையும்.

பக்கத்தில் நிற்கும் பழைய சலவைக்கல்லைக் கழுவப்போவதாக எழுதியிருந்தாயே, பிளீச் வேண்டவே வேண்டாம். அதன் உப்பு கல்லின் நுண்துளையில் தங்கி, காய்ந்து படிகமாகி, மேல்தோலை உதிர்த்துவிடும். வினிகர் மாதிரி அமிலம் எது பட்டாலும் சலவைக்கல் கரையும். கம்பி பிரஷும் பிரஷர் வாஷரும் கிட்டவே வரக்கூடாது. கல்லை முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக ஊறவிடு. பிறகு மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலே தேய். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த பாகத்தில் வழிந்து கறைக் கோடு விழும். கல் ஆடினால் தொடாதே. ஊறிய நீர் உறைந்தால் கல் வெடிக்கும். அதனால் குளிர் இறங்குமுன், அக்டோபர் ஆரம்பத்துக்குள் முடித்துவிடு. தேய்ந்த எழுத்தைப் படிக்க மாவோ ஷேவிங் க்ரீமோ பூச வேண்டாம். ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து விழ வை, பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானே எழும்பும்.

வார்ப்புக்குப் போகுமுன் கடைசி வரைபடத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பு. 'இ, ஐ' இருக்கும் இடத்தை மட்டுமாவது பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
சேது