பதினாறுக்கு இருபது அங்குலம்

மல்லாவி,
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். நீ அனுப்பின குரல் பதிவு மொத்தம் 27 நிமிடம். மனுசி முதல் ஐந்து நிமிடம் இருந்து கேட்டுவிட்டு, "இவர் அங்கேயும் பிரசங்கம்தானா" என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் இரண்டு தரம் கேட்டேன். தொலைபேசியைப் பார்த்துக் கதைக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். பேரன் படம் எடுத்து அனுப்புவான்.

ஊர்ப் புதினம் முதலில். வவுனிக்குளத்தில் இந்த முறை தண்ணீர் பரவாயில்லை, சிறுபோகம் கதிர் தள்ளிவிட்டது. உங்கள் பழைய வளவில் நின்ற புளியில் பெரிய கொப்பு ஒன்று சோளகத்துக்கு முறிந்து விழுந்தது. விறகுக்கு அடிபட்டார்கள். எனக்கு முழங்கால் வருத்தம். ஆனாலும் மடு மாதா கோயிலுக்கு ஆவணித் திருவிழாவுக்குப் போவேன், வாகனத்தில்தான். நாம் இருவரும் காட்டுக்குள்ளால் நடந்து போன காலம் முடிந்தது.

சரி, உன் விசயத்துக்கு வருகிறேன். டெக்சாஸில் எல்லா அரச பள்ளி வகுப்பறைகளிலும் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிட வேண்டும் என்று 2025இல் சட்டம் வந்ததையும், அதற்காக நீ உன் சபையாரோடு ஆஸ்டினுக்கு பஸ் பிடித்துப் போய் நின்றதையும் கேட்டேன். இந்த வயதில் நீ அப்படிப் போனதில் எனக்குச் சந்தோசம். பிறகு கேட்டாயே, "நீங்கள் அங்கே ஏன் வாய் மூடி இருக்கிறீர்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அரசாங்கத்திடம் கேட்கக் கூடாதா" என்று. அதுதான் இரண்டு இரவு என்னைத் தூங்க விடவில்லை.

நான் மாறிப்போனேன் என்று நினைக்காதே. வயிற்றில் இருப்பது பிள்ளைதான், அதை அழிப்பது பாவம்தான். கலியாணம் சாகும்வரைக்கும்தான். மறைக்கல்வி வகுப்பில் இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டாலும் விடுவதில்லை.

உங்கள் சட்டத்தில் அந்தக் கட்டளை மட்டைக்கு அளவும் சொல்லியிருக்கிறார்களாம், குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம். மனுசியின் தையல் நாடாவை எடுத்து எங்கள் விறாந்தைச் சுவரில் அளந்து பார்த்தேன். திருஇருதய ஆண்டவர் படத்திலும் கொஞ்சம் பெரிது. அளந்துவிட்டு நிற்கும்போதுதான் யோசனை வந்தது. அந்த மட்டையில் இருப்பது யாருடைய பத்துக் கட்டளை? சொரூபங்களைச் செய்யாதே என்பது உன் இப்போதைய சபையில் தனிக் கட்டளை. நாம் படித்த ஞானோபதேசத்தில் அது முதலாவதற்குள்ளேயே அடக்கம். அதனால் விபசாரம் எங்களுக்கு ஆறாம் கட்டளை, உங்களுக்கு ஏழாம் கட்டளை. டெக்சாஸ் மட்டையில் உங்கள் பக்கத்து வாசகம். ஒரு கத்தோலிக்கப் பிள்ளை அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால், யுத்தத்துக்குப் பயந்து மடு மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 2008இல் தேவன்பிட்டிக்குப் போன எங்களைப் பற்றி என்ன நினைக்கும்? கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இவ்வளவு என்றால் மற்றப் பிள்ளைகள்? சில பள்ளி மாவட்டங்களில் நீதிபதிகள் மறித்துவிட்டார்கள் என்று நீ கோபப்பட்டாய். நான் அந்த நீதிபதிகளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் நான் இருக்கிற இடம் இது. எங்கள் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. கடதாசியில் வாசித்தால் ஒரு வரிதான். முல்லைத்தீவில் குருந்தூர்மலைக்குப் போய்ப் பார், அந்த வரி எத்தனை அடி உயரம் என்று தெரியும். நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகும் அங்கே விகாரைக் கட்டடம் வளர்ந்தது. வவுனியாவில் வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில் 2024 சிவராத்திரிக்குப் பூசை செய்யப் போன எட்டுப் பேரைப் பொலிசு பிடித்தது. அவர்கள் சைவர்கள், நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு என்ன என்று இருக்க முடியுமா? அரசாங்கத்தின் சுவரில் ஒரு சமயத்துக்கு ஆணி அடித்தால் மற்றச் சமயத்துக்காரன் என்ன பாடுபடுவான் என்று இங்கே இருக்கிற எனக்குத் தெரிகிறது. நீயும் இங்கே இருந்தவன்தானே. உனக்கு மறந்துபோனதுதான் எனக்கு ஆச்சரியம். அங்கே நீ பெரும்பான்மைச் சமயத்தின் ஆள். அந்தச் சுகம் எனக்குப் புரிகிறது, வாழ்க்கையில் ஒருதரமாவது யாருக்கும் அது பிடிக்கும்.

அடுத்தது பள்ளிக்கூடப் பணம். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோருக்கு அரசாங்கமே காசு கொடுக்கும், நூறு கோடி டொலர் ஒதுக்கியிருக்கிறார்கள், சபைப் பள்ளிக்கும் அது வரும் என்று நீ துள்ளின துள்ளல் பதிவிலேயே கேட்டது. மச்சான், அந்தப் படம் இலங்கையில் எப்போதோ ஓடி முடிந்தது. உன் அப்பாவும் என் அப்பாவும் மிசன் பள்ளி வாத்திமார். பள்ளி கோயிலுடையது, சம்பளம் அரசாங்கத்து நன்கொடை. சுவாமிமார் யாரை வைக்கிறார்களோ அவர்தான் ஆசிரியர். சைவப் பிள்ளைகள் படித்த பள்ளியிலும் ஆசிரியர் வேலை வேதக்காரருக்கு. அந்த மனக்கசப்பைச் சுவாமிமார் கவனிக்கவில்லை. பிறகு 1960இலும் 61இலும் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். மேற்குக் கரையோரத்தில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்குள்ளேயே படுத்துக் கிடந்து மறித்தும் நிற்கவில்லை. அரசாங்கக் காசு வேண்டாம் என்று தனித்து நிற்க யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் மாதிரி பெரிய கல்லூரிகளால் முடிந்தது, அதுவும் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. வன்னியில் ஓலைக் கொட்டிலில் நடந்த பள்ளியால் முடியுமா? நாம் முதலாம் வகுப்புக்குப் போன வருடங்கள் அவை. பெயர்ப் பலகையை மாற்றினது எனக்கு மங்கலாக ஞாபகம். அப்பா அன்றைக்கு அழுதார் என்று அம்மா சொல்வா. ஆனால் அதற்குப் பிறகு மாதக் கடைசியில் சம்பளம் ஒழுங்காக வந்தது என்றும் அவவே சொல்வா.

கை நீட்டிக் காசு வாங்கின இடத்தில் பிறகு வாய் நீட்ட முடியாது. இன்றைக்கு உங்கள் மாநில ஆட்சி உங்கள் சபைக்குப் பிடித்த ஆட்சி. நாளைக்கு வேறு ஆட்கள் வந்து, காசு எங்களுடையது, கணக்கைக் காட்டு, பாடத்தைக் காட்டு என்று கேட்டால்? உன் பாஸ்டரிடம் இதைக் கேட்டுப் பார்.

கருக்கலைப்புச் சட்டம் பற்றியும் கேட்டாய். இங்கே சட்டம் உங்கள் டெக்சாஸ் சட்டத்துக்கு அண்ணன். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும், வேறு எதற்கும் இல்லை. 2017இல் வல்லுறவுக்கும் பிழைக்காது என்று தெரிந்த சிசுவுக்கும் விலக்குக் கொடுக்க அமைச்சரவை ஒத்துக்கொண்டது, ஆயர்கள் எதிர்த்தார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. அப்போது நான் ஆயர்கள் பக்கம். இப்போதும்தான். ஆனால் மனுசி முப்பது வருடம் மிட்வைஃபாக இருந்தவள். இதை வாசித்துக் காட்டினபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "அந்தச் சட்டம் நூற்று நாற்பது வருடமாக இருக்கு. ஒரு பிள்ளைக்காவது பால்மா வாங்கிக் கொடுத்ததா எண்டு கேளுங்கோ."

அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். யுத்தம் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்து தறப்பாளுக்குள் இருந்த காலம். கலியாணமாகாத ஒரு பிள்ளை வயிற்றோடு இவளிடம் வந்தது. யாரென்று கேட்காதே. இவள்தான் கன்னியர்களிடம் கூட்டிக்கொண்டு போனாள், அவர்கள் பேறு முடியும்வரைக்கும் வைத்திருந்தார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்தபோது பங்குப் பேரவையில் ஒருவர், ஞாயிறு பூசையில் வேண்டாம், கிழமை நாளில் யாரும் இல்லாத நேரம் செய்யலாமே என்றார். அந்த ஒருவர் நான்தான். பாதர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே செய்தார். கருவில் இருந்தபோது அந்தப் பிள்ளைக்காக மெழுகுதிரி கொளுத்தினவன், பிறந்த பிறகு அதை வியாழக்கிழமைக்குத் தள்ளப் பார்த்தேன். இதை உனக்குத் தவிர வேறு ஆருக்கும் எழுத மாட்டேன்.

உங்கள் சபையோடு சேர்ந்த ஒரு கதையும் இருக்கு. எங்கள் ஒழுங்கைக்கு அங்கால் ஒரு சின்ன ஜெப வீடு. பத்துப் பன்னிரண்டு குடும்பம், ஒரு ஒலிபெருக்கி. எங்கள் ஆட்கள் அல்லேலூயாக்காரர் என்று முகம் சுளிப்பார்கள். ஒரு நாள் ஓர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பாஸ்டரிடம் அனுமதிக் கடிதம் கேட்டார். புதிய வழிபாட்டிடத்துக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2008இல் ஒரு சுற்றறிக்கை வந்தது, அதை வைத்துத்தான். அதே கிழமை ஜெப வீட்டை மூடச் சொல்லி ஒரு மனு, கையெழுத்துக்கு என்னிடமும் வந்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் எனக்கும் தலையிடிதான், பொய் சொல்லவில்லை. பேனையைக் கையில் எடுத்தபோது 2004 ஞாபகம் வந்தது. பிக்குகளின் கட்சியான ஹெல உறுமயக்காரர் மதமாற்றத் தடைச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். மதம் மாறினால் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டுமாம். அதற்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், அரசியலமைப்புக்கு முரணான பிரிவுகள் அதில் இருப்பதாக நீதிமன்றமும் சொன்னது. அன்றைக்கு நாங்களும் அல்லேலூயாக்காரரும் ஒரே பக்கம் நின்றோம். பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாஸ்டரிடம் போய் ஒலிபெருக்கியை மட்டும் குறைக்கச் சொன்னேன். குறைத்தார், இரண்டு கிழமைக்கு.

அப்போ நீ ஒன்றுமே கேட்க மாட்டாயா என்பாய். கேட்டேன். சந்திக்குப் பக்கத்தில் புதிய மதுக்கடை வரப்போகிறது என்று கதை வந்தபோது. 2024 கடைசியில் பாராளுமன்றத்தில் வைத்த அனுமதிப் பட்டியலில் பக்கத்துக் கிளிநொச்சிக்கு மட்டும் பத்துக்கு மேல் இருந்தது. யுத்தத்தில் எல்லாம் போன சனத்துக்கு அரசாங்கம் மறக்காமல் கொடுத்த தொழிற்சாலை அது. பெண்கள்தான் முதலில் வெளிக்கிட்டார்கள், நுண்கடனும் கட்டிக்கொண்டு புருசன் குடிப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்கள். பிள்ளையார் கோயில் ஐயர், எங்கள் பாதர், ஜெப வீட்டுப் பாஸ்டர், நான் எல்லாரும் பின்னால் போனோம். மனுவை எழுதினது நான். முதல் பிரதியில் வேத வசனம் ஒன்று போட்டிருந்தேன், ஐயரும் கையெழுத்து வைக்க வேண்டுமே என்று எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு மனு நன்றாகத்தான் இருந்தது. இன்னும் முடிவில்லை, கோப்பு மேலே போயிருக்கிறதாம். திரும்பி வரும் வழியில் கையெழுத்து வைத்த இரண்டு பேரைப் பழைய தவறணை வாசலில் கண்டேன். கத்தோலிக்கர்.

ரோமர் 13ஐச் சொல்லி ஆட்சியாளர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றாய். மெனிக் பாமில் முள்ளுக்கம்பிக்குள் நின்றபோது ஒரு போதகர் அதையே எங்களுக்கு வாசித்தார். எனக்கு அன்றைக்கு ஆகாப் அரசன் பறித்துக்கொண்ட நாபோத்தின் திராட்சைத் தோட்டம்தான் நினைவு வந்தது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போய், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்த சனத்தொகைக் கணக்கையும் முகாமுக்கு வந்தவர்களின் கணக்கையும் கழித்து, 146,679 பேர் எங்கே என்று கேட்டார். சமய ஒழுக்கத்தில் அவர் உன்னையும் என்னையும் விடக் கண்டிப்பானவர். அவர் கேட்டதும் குடும்பங்களைப் பற்றித்தான். புருசன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருக்கிற பெண்ணுக்கு 2016க்குப் பிறகு காணாமற்போனமைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு அவள் மனைவியா, விதவையா? குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடதாசிதான் கண்ணுக்குள் வருகிறது.

தேர்தல் பற்றி ஏசினாய். ஓம், 2024இல் வன்னியின் ஆறு ஆசனத்தில் இரண்டு ஜே.வி.பி.க்காரரின் திசைகாட்டிக்குப் போனது, எங்கள் பங்கு இளைஞர் பலர் அதற்குத்தான் போட்டார்கள். கம்யூனிஸ்டுக்குப் போட்டால் நரகம் என்று நமக்குச் சொன்ன பிரசங்கம் அவர்களுக்குத் தெரியாது. நான் பழக்கதோசத்தில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டேன். அந்தக் கட்சியைத் தொடங்கின தந்தை செல்வா வேதக்காரர் என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கும். சைவச் சனம் அவருக்குப் பின்னால் போனது. அவர் கிறிஸ்தவர்களுக்கென்று கட்சி கட்டவில்லை.

கடுமையாக எழுதிவிட்டேனோ தெரியவில்லை. மனுசி வாசித்துவிட்டு, "அவர் கோவிக்க மாட்டார், நீங்கள்தான் பிறகு கோவிப்பீர்கள்" என்கிறாள். ஆவணிக்கு வருவதாக இருந்தால் திகதியைச் சொல், மடுவில் கொட்டில் போட இடம் இப்போதே பிடிக்க வேண்டும். உன் சபைக்காரருக்குத் தெரியாமல் வந்தாலும் சரி. முழங்காலுக்குப் பூசுகிற அந்த மருந்தில் இரண்டு கொண்டுவா. இங்கே கிடைப்பது வெறும் மணம்தான்.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குக் கூட்டாளி