வைஃபை சிப்பின் பெயரைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள்: மடிக்கணினி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் மடிக்கணினி விற்கும் நிறுவனங்களின் கொள்முதல், தயாரிப்புப் பிரிவினருக்கு,

மதிப்பிற்குரியீர்,

விண்டோஸ் இல்லாமல், ஃப்ரீடாஸ் என்ற எளிய இயங்குதளமோ, இலவச இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவோ ஏற்றிய மடிக்கணினிகளையும் நீங்கள் இங்கே விற்கிறீர்கள். கடைகளில் 'டாஸ் லேப்டாப்' எனப்படும் இவை விலை குறைவு என்பதால், மாணவர்களும் சிறு அலுவலகம் நடத்துவோரும் வாங்கித் தாங்களே லினக்ஸ் நிறுவிக்கொள்கிறார்கள். அப்படி நிறுவித் தரும் வேலையை நெடுநாளாகச் செய்துவருபவன் என்ற முறையில் ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்: கணினிக்குள் இருக்கும் வைஃபை சிப் எது என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே வாங்குபவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

லினக்ஸ் நிறுவி முடித்ததும் திரை, ஒலி, டச்பேட், கேமரா எல்லாம் பெரும்பாலும் சிரமமில்லாமல் இயங்குகின்றன. வைஃபை பக்கத்தைத் திறந்தால் மட்டும் அடாப்டர் எதுவும் இல்லை என்ற அறிவிப்பு நிற்கிறது. கார்டில் பழுது ஏதுமில்லை. கணினிக்குள் உள்ள கருவிகளைக் காட்டும் பிசிஐ பட்டியலில் அதன் பெயரும் அடையாள எண்ணும் சரியாகவே தெரிகின்றன. அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் லேன் கேபிள் செருகவும் இடமில்லாததால், கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரையும் அதற்குத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகளையும் இறக்கி, ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாக அதைக் கம்பைல் செய்து முடித்தால், அடுத்து செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி குறுக்கே நிற்கும். நம்பகமான மின்கையொப்பம் இல்லாத டிரைவரை அது ஏற்காது என்பதால், அந்தக் கையொப்பத்துக்கான புதிய சாவியைப் பதிவுசெய்ய ஒரு கடவுச்சொல் கொடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அப்போது தோன்றும் நீலத் திரை, ஏதேனும் ஒரு விசையை அழுத்தப் பத்து விநாடி அவகாசம்தான் தருகிறது. என்ன ஏதென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருப்பவர் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான். இத்தனைக்கும் பிறகு கிடைத்த வைஃபை, அடுத்த கெர்னல் அப்டேட்டில் டிரைவர் கம்பைல் ஆகாமல் போனால் மறைந்துவிடும். கெர்னலின் உள்கட்டமைப்பு அடிக்கடி மாறுவதால் இது அரிதாக நடப்பதும் அன்று.

இதற்குச் சிப் நிறுவனங்களைத்தானே கேட்க வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அவர்களுக்கும் பங்கு உண்டு. மலிவு மாடல்களில் பரவலாக வந்த பிராட்காம் பிசிஎம்43142 சிப்பைக் கெர்னலில் உள்ள பி43 டிரைவர் ஆதரிப்பதில்லை. அதற்கென உள்ள 'டபிள்யூஎல்' என்ற, மூலநிரல் வெளியிடப்படாத மூடிய டிரைவரின் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. அதன்பின் வந்த கெர்னல்களில் அதை ஓடவைத்துக்கொண்டிருப்பவர்கள், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாமல் வெளிப்புறத்தில் ஒட்டுப்போடும் லினக்ஸ் பராமரிப்பாளர்கள். இத்தனைக்கும் அதே பிராட்காம் 2010 செப்டம்பரில் வேறு சில சிப்களுக்கு மூலநிரலோடு டிரைவர் வெளியிட்ட நிறுவனம். ரியல்டெக்கின் ஆர்டிஎல்8821சிஇ கார்டுக்கு 2020 அக்டோபரில் வந்த 5.9 கெர்னலில்தான் முறையான இடம் கிடைத்தது. கார்டோ அதற்கு முன்பே கணினிகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. மறுபக்கம், ஏதெராஸ் 2008-இல் திறந்துவைத்த ஏத்9கே டிரைவர் இருப்பதால், அந்தக் காலத்துப் பிசிஐ கார்டுகள் கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற தனி மென்பொருள்கூட இல்லாமல் இன்றைக்கும் இயங்குகின்றன. ரியல்டெக்கும் இப்போது தன் பொறியாளர்கள் மூலமாகவே புதிய சிப்களுக்கான டிரைவர்களைக் கெர்னலுக்கு அனுப்பிவருகிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

மூலநிரலை எவரும் பார்த்து மாற்ற முடிய வேண்டும் என்னும் கட்டற்ற மென்பொருள் தரப்பும் தன் பிடிவாதத்தைத் தளர்த்திக்கொண்டிருக்கிறது. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை நிறுவும் மென்பொருளிலேயே சேர்ப்பதென்று, டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் குழுவின் உறுப்பினர்கள் 2022-இல் வாக்களித்து முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படியே வந்தது. கொள்கை அளவில் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை என்றாலும், வைஃபை இல்லாமல் தவித்தவர்களின் பக்கம் நியாயம் இருந்தது.

ஆனால் ஒரு மாடலுக்குள் எந்தக் கார்டைப் பொருத்துவது என்று முடிவு செய்பவர்கள் நீங்கள்தான். ஒரே மாடல் எண்ணில் ஒருவருக்கு இன்டெல் கார்டும் இன்னொருவருக்கு ரியல்டெக் கார்டும் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விவரத்தாளில் இரண்டுக்கும் '802.11ஏசி' என்று வைஃபை தரத்தை மட்டும் சொல்லும் ஒரே வரிதான். சிப் எது என்று ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கேட்டபோது, கணினியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். திறந்தால் வாரண்டி பொருந்தாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். சிப்பின் பெயர் உங்களுக்குத் தெரியாததும் அல்ல. வைஃபை உள்ள கருவியை இந்தியாவில் விற்க, தொலைத்தொடர்புத் துறையின் ரேடியோ அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவிடம் இடிஏ என்ற கருவி ஒப்புதல் பெற்றாக வேண்டும். அரசிடம் பதிவாகும் ஒரு விவரம் வாங்குபவருக்கு மட்டும் ஏன் மறைக்கப்பட வேண்டும்?

வேறு கார்டு வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்பதும் முழுத் தீர்வாகாது. சில மாடல்களில் வைஃபை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்பதில்லை. இன்டெல் கணினியின் சிப்புகளையே நம்பியிருக்கும் இன்டெல்லின் சிஎன்விஐ வகைக் கார்டுகள் ஏஎம்டி கணினிகளில் இயங்குவதில்லை.

எனவே பெட்டியின் மேலும் இணையதளத்தின் விவரப் பக்கத்திலும் வைஃபை சிப்பின் முழுப் பெயரையும் பிசிஐ அடையாள எண்ணையும் வெளியிடுங்கள். இடையில் கார்டை மாற்றினால் மாடல் எண்ணின் ஈற்றெழுத்தையாவது மாற்றுங்கள். விண்டோஸ் இல்லாமல் விற்கும் மாடல்களுக்குக் கொள்முதல் செய்யும்போது, டிரைவர் அதிகாரப்பூர்வக் கெர்னலில் சேர்ந்துவிட்டதா, எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஃபர்ம்வேர் லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பில் உள்ளதா என்று சிப் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். உபுண்டு ஏற்றி விற்கும் மாடல்களிலிருந்து இதைத் தொடங்கலாம். அவற்றுக்கான டிரைவரை நீங்கள் ஏற்கெனவே சோதித்திருப்பீர்கள் என்பதால், அந்தத் தகவலை வெளியிடுவதற்குக் கூடுதல் செலவு எதுவும் இராது.

இப்படிக்கு,
லினக்ஸ் பயனர் ஒருவர்